தடைக்காலத்தைத் தீர்மானிப்பது யார்? ராமநாதபுரம் கடற்கரையும் பொதுக்கொள்கை இளங்கலைப் படிப்பும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பாம்பனிலும் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த 61 நாட்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது, யாரிடம் கடன் வாங்குகிறார்கள், கூலி வேலை தேடி யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரியாதவை வேறு. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை 61 நாட்களாக ஏன் நீண்டது? கன்னியாகுமரி மாவட்டத்தில் கிழக்குப் பக்கத்துக்கு இந்தத் தேதி, மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்கிறார்களே, எந்த மீனின் இனப்பெருக்கக் காலத்தை வைத்து அந்தக் கோட்டைப் போட்டார்கள்? குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்ந்ததே, அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன? படகு உரிமையாளருக்கும், பங்குக்குக் கடலுக்குப் போகும் மீனவருக்கும், கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கும் இழப்பு ஒரே அளவா?

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஆதாரத்தோடு பதில் தேடப் பழக்கும் படிப்புதான் பொதுக்கொள்கை. அரசு ஒரு பிரச்சினையை எப்படி அடையாளம் காண்கிறது, எந்தெந்த வழிகளை எடைபோடுகிறது, தேர்ந்தெடுத்த வழியை யாரைக் கொண்டு நடத்துகிறது, கடைசியில் யாருக்கு நன்மை, யாருக்குச் சுமை என்று பொருளியல், அரசியல், சட்டம், புள்ளியியல், சமூகவியல் ஆகியவற்றின் துணையோடு ஆராய்வது அதன் வேலை. இந்தியாவில் பெரும்பாலும் முதுகலையில் மட்டுமே இருந்த இந்தப் படிப்பு சில இடங்களில் இளங்கலையாகவும் வந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களின் தேர்வுப் பட்டியலில் அதன் பெயரும் இப்போது இடம்பெறுகிறது. இந்தக் கரைக்கு அந்தப் படிப்பு மிகவும் தேவை. ஆனால் இன்று அது கிடைக்கும் வடிவம் இந்தக் கரையின் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆழ்கடல் படகுத் திட்டம்

பாடத்திட்டத்தை வரிசையாக ஒப்பிப்பதைவிட, இந்தக் கடலில் நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு பார்த்தால் படிப்பின் தன்மை விளங்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்குச் சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. தமிழகக் கடற்கரையில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு பக்கம் ஆழம் குறைந்த பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இவ்வளவு ஒடுங்கிய கடலில் 1974, 1976 ஆண்டுகளின் உடன்பாடுகள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் எல்லைக்கோடு போட்டன. கச்சத்தீவு கோட்டுக்கு அப்பால் போனது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், கடலடியைச் சுரண்டியபடி வலையை இழுத்துச்செல்லும் இழுவைமடிப் படகுகள் இந்தக் கரைக்கு வந்திருந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை இருந்தது. அந்நியச் செலாவணி தேவைப்பட்ட அரசு, மானியமும் கடனும் கொடுத்து விசைப்படகுகளைப் பெருக்கியது. இன்று பெருஞ்சிக்கலாக நிற்கும் இழுவைப்படகு, அரசே யோசித்து, பணம் ஒதுக்கி வளர்த்துவிட்ட ஒன்று. பொதுக்கொள்கை மாணவர் முதலாண்டிலேயே இதை உள்வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது அதன் உடனடிப் பலனோடு நின்றுவிடாமல், இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அது யார் தலையில் விடியும் என்றும் கேட்கப் பழக வேண்டும்.

பிறகு விதிகள் வந்தன. 1983இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோர நீர்ப்பரப்பை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் இடையே மூண்ட மோதல்களைத் தணிக்க, விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பாக் விரிகுடாவில் நடைமுறைக்கு வந்தது. கரையோரம் இழுக்கக் கூடாது, எல்லைக்கோட்டையும் தாண்டக் கூடாது என்றால், நடுவே மிஞ்சுவது ஒரு மெல்லிய நீர்ப்பட்டை. அதில் அத்தனை விசைப்படகுகளும் எப்படிப் பிழைக்கும்? இலங்கையின் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் எதிர்க்கரையின் தமிழ் மீனவர்கள் கடலுக்கு வர முடியாமல் இருந்ததால் இந்தக் கேள்வி மறைந்துகிடந்தது. 2009இல் போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பியபோது அது வெளியே வந்தது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. கைதும் படகுப் பறிமுதலும் நமக்கு அன்றாடச் செய்தியாகிவிட்டன.

அதே 2017 ஜூலையில், பாக் விரிகுடாவின் இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை ராமேஸ்வரத்தில் பிரதமர் தொடங்கிவைத்தார். ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். அதில் பாதியை மத்திய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் மானியமாகத் தரும். 20 விழுக்காடு வங்கிக் கடன். மீதி 10 விழுக்காடு மீனவர் கையிலிருந்து. பழைய இழுவைப்படகைக் கைவிட்டு, ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான முள் கோத்த ஆயிரங்கால் தூண்டிலோடும் செவுள் வலையோடும் ஆழ்கடலுக்குப் போய்ச் சூரை மீன் பிடிக்க வேண்டும். இப்படி 2,000 படகுகள் என்பது இலக்கு. காகிதத்தில் பார்த்தால் குறைசொல்ல இடமே இல்லை. கடலடி பிழைக்கும், எல்லைச் சிக்கல் தீரும், மீனவர் வருமானம் உயரும். ஆனால் கட்டி முடிக்கப்பட்ட படகுகளின் எண்ணிக்கை இலக்குக்கு வெகு தொலைவிலேயே நின்றுவிட்டது. பின்னர் படகின் மதிப்பீட்டுத் தொகையையும் உயர்த்த வேண்டியிருந்தது.

ஏன்? அரசியல் மேடையில் இதற்கு ஒரு வரியில் பதில் கிடைக்கும். வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்க இதைப் படிக்கலாம்.

முதலில் கணக்கு. 10 விழுக்காடு என்றால் 8 லட்சம் ரூபாய் ரொக்கம், 20 விழுக்காடு என்றால் 16 லட்சம் கடன். விசைப்படகு வைத்திருப்பவர் பலருக்கு ஏற்கெனவே மீன் வியாபாரியிடம் முன்பணக் கடன் இருக்கும். பிடித்த மீனை அந்த வியாபாரியிடமே கொடுத்துக் கழிக்க வேண்டும். அப்படிப்பட்டவர் புதுக் கடனை எந்தப் பிணையில் வாங்குவார் என்பது நிதி தொடர்பான கேள்வி. அடுத்தது உழைப்பு. பாக் விரிகுடாவில் இழுவைப்படகு காலையில் போய் மறுநாள் கரைக்கு வந்துவிடும். ஆழ்கடல் படகு வாரக்கணக்கில் வெளியே நிற்க வேண்டும். தூண்டில் தொழில் வேறு கைப்பழக்கம். அதற்கு ஆள் எங்கே? படகு பெரிதானால் ஆழமான துறைமுகம் வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூரில் துறைமுகம் கட்டினார்கள் என்றாலும், ராமேஸ்வரத்தில் வீடு வைத்திருப்பவர் தொழிலை அங்கே மாற்றுவது குடும்பத்தையே இடம்பெயர்க்கும் முடிவு. சூரைக்கு ஐஸ், குளிர்பதனம், ஏற்றுமதிக்காரர் என்று இன்னொரு சங்கிலி வேண்டும். இழுவைமடியில் வரும் சங்காயத்தை, அதாவது விலைபோகாத சிறு மீன்களை, காயவைத்துப் பிழைக்கும் பெண்களுக்கு இந்தத் திட்டத்தில் எந்த இடமும் இல்லை.

அமெரிக்காவில் ஆரன் வில்டாவ்ஸ்கி, ஜெஃப்ரி பிரஸ்மன் என்ற இரு அரசியல் அறிஞர்கள் 1973இல் இதே மாதிரியான ஒரு புதிரை எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டன் ஒதுக்கிய வேலைவாய்ப்பு நிதி ஓக்லாந்து நகரில் ஏன் வேலைகளாக மாறவில்லை என்பது அவர்களுடைய கேள்வி. யாரும் திட்டத்தை எதிர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவரின் ஒப்புதல் தேவைப்பட்டது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தாமதம் சேர்ந்தது. அமலாக்கம் என்பதே தனி ஆய்வுப் பொருளாக வேண்டும் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் இன்னொரு உண்மையை முன்வைத்தார். மக்கள் சந்திக்கும் அரசு என்பது கடைநிலை ஊழியர்தான், அவர் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளே நடைமுறையில் கொள்கையாகின்றன என்றார். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கும் மீன்வளத் துறை ஊழியரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அறிந்த எவருக்கும் இது விளக்கம் தேவைப்படாத பாடம். தங்கள் ஊரில் கண்டதற்கு உலகத்தில் ஒரு சிந்தனை மரபே இருக்கிறது என்று தெரியும்போது ஒரு மாணவருக்கு வரும் தெம்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பாசி எடுக்கும் பெண்கள் சொல்லும் பொருளியல்

1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ஒரு வாதம் வைத்தார். எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் கடைசியில் அழிந்தே தீரும், ஏனென்றால் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்ப்பதில்தான் லாபம் பார்ப்பார்கள் என்றார். தனியாருக்குக் கொடு அல்லது அரசு கையில் எடு என்ற இரண்டே வழிகளைப் பலரும் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் இதை ஏற்கவில்லை. துருக்கியின் அலன்யா கடற்கரை மீனவர்கள் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டதை எடுத்துக்காட்டி, பயன்படுத்தும் மக்களே விதி வகுத்து, கண்காணித்து, மீறுபவரைத் தண்டித்துப் பொதுவளத்தைக் காத்த வரலாறு உலகெங்கும் இருக்கிறது என்று நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

இதைப் படிக்க அலன்யாவரை போக வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. தலைமுறைகளாகத் தீவோரம் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துவந்த பெண்கள், ஒருநாள் திடீரென்று சட்டத்தின் கண்ணில் அத்துமீறுபவர்களானார்கள். வனத்துறையோடு மோதலும் பேச்சும் மாறிமாறி நடந்தன. பெண்கள் தங்களுக்குள் கூடி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது, பவளப்பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பது என்று விதி வகுத்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு இதற்காகவே கிடைத்தது. ஆஸ்ட்ரம் உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்த சான்றுகளுக்கு நிகரான ஒன்று, ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறினால் போய்ப் பார்க்கும் தொலைவில் இருக்கிறது. எங்கோ இருக்கும் பல்கலைக்கழகம் இதைப் பாடமாக வைத்து, இங்கே இருக்கும் கல்லூரி வைக்கவில்லை என்றால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எளிது. 2000களின் தொடக்கத்திலிருந்து மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கும் தொழில் இந்தக் கரையில் பரவியது. மகளிர் குழுக்களுக்கு வருமானம் வந்தது. 2008இல் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் அதே பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். இப்போது வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. வருமானமா, பவளமா என்று கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பட்டிமன்றத்துக்குப் போதும். எந்த இடத்தில் வளர்க்கலாம், எந்த இடத்தில் கூடாது, தீவிலிருந்து எவ்வளவு விலகி, யார் கண்காணிப்பில், கேடு வந்தால் யார் பொறுப்பு என்று எழுதுவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

கடல் அட்டை இன்னொரு பாடம். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள். அதாவது புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. பாக் விரிகுடாவின் அக்கரையில், இலங்கையில், அது அனுமதி பெற்று நடக்கும் தொழில். ஒரே கடலில் இருவேறு சட்டங்கள் இருந்தால் கடத்தல் வளரும். தடை நீக்கப்பட வேண்டுமா என்பதில் மீனவர்களும் சூழலியலாளர்களும் உடன்படவில்லை. இரு தரப்பின் வாதத்தையும் அதன் வலிமையோடு எழுதத் தெரிந்தபின்தான் மாணவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும்.

பாடங்கள்

நுண்பொருளியல், பேரியல் பொருளியல், அரசமைப்புச் சட்டம், இந்திய அரசியல், ஆய்வுமுறை, நெறியியல், நிதிநிலை அறிக்கையைப் படிப்பது, களப்பணி என்று பொதுவாக இந்தப் பட்டத்தின் பாடங்கள் அமையும். ஹரால்ட் லாஸ்வெல் 1951 வாக்கில் கொள்கை அறிவியல் என்ற பெயரில் இந்தத் துறைக்கு வடிவம் கொடுத்தார். ஹெர்பர்ட் சைமன், முடிவெடுப்பவருக்கு முழுத் தகவலும் முழு நேரமும் ஒருபோதும் கிடைப்பதில்லை என்பதை அதன் அடித்தளத்தில் வைத்தார். இவற்றை எந்தப் பாடநூலிலும் காணலாம்.

நான் வற்புறுத்த விரும்புவது புள்ளியியலை. கலைப் பிரிவு மாணவர்கள் அதைக் கண்டு ஒதுங்குகிறார்கள். அது இல்லாத பொதுக்கொள்கைப் படிப்பு நல்ல சொற்பொழிவாளர்களை உருவாக்கும், அவ்வளவுதான். 2018இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழகத்திலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் சேர்க்கப்பட்டன. 49 குறியீடுகளை வைத்து மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்துகிறார்கள். சுகாதாரம், ஊட்டச்சத்துக்கு 30 விழுக்காடு, கல்விக்கு 30, வேளாண்மை, நீர்வளத்துக்கு 20, நிதிச் சேவையும் திறன் மேம்பாடும் 10, உள்கட்டமைப்புக்கு 10. இந்த எடைகளை யார் வைத்தார்கள்? நிலத்தை நம்பிய மாவட்டத்துக்கும் கடலை நம்பிய மாவட்டத்துக்கும் ஒரே எடை பொருந்துமா? எடைகளைக் கொஞ்சம் மாற்றிப்போட்டால் தரவரிசை எப்படி மாறும்? ஒரு கணினியும் விரிதாளும் இருந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர் இதைச் செய்து பார்க்கலாம். செய்து பார்த்தவர் அதன்பின் எந்தத் தரவரிசையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டார்.

சீமைக்கருவேலம் இதே போல. அதை வேரோடு அகற்ற வேண்டும் என்று 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது பரவலான வரவேற்பு இருந்தது. அதே ஆண்டில் அந்தப் பணி நிறுத்திவைக்கப்பட்டது. நிலத்தடி நீருக்கும் நாட்டுத் தாவரங்களுக்கும் அதனால் வரும் கேடு ஒரு பக்கம். முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் வருமானம் இன்னொரு பக்கம். அகற்றியபின் அந்த நிலத்தில் என்ன நடுவது என்ற திட்டம் இல்லாவிட்டால் அது மறுபடி முளைக்கும் என்பது மூன்றாவது. செலவு, பலன் கணக்கு என்று பாடத்தில் வருவது இதைத்தான்.

பொது நிர்வாகத்திலிருந்து வேறுபடும் இடம்

பெற்றோர் பலர் இதை ஐஏஎஸ் தேர்வுக்கான படிப்பு என்று நினைக்கிறார்கள். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் பொது நிர்வாகம் இருக்கிறது, பொதுக்கொள்கை என்ற தனிப் பாடம் இல்லை. எந்தப் பட்டம் பெற்றவரும் அந்தத் தேர்வை எழுதலாம். பொது நிர்வாகம் அரசு இயந்திரம் எப்படி அமைந்திருக்கிறது, எப்படி இயங்க வேண்டும் என்பதில் கவனம் செலுத்துகிறது. அரசியல் அறிவியல் அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறது. பொதுக்கொள்கை குறிப்பிட்ட ஒரு முடிவை எடுத்துக்கொண்டு, அது சரியா, வேறு வழி இருந்ததா, விளைவு என்ன என்று துருவுகிறது. மூன்றுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒன்றைப் படித்தவர் மற்றொன்றுக்கு எளிதாக நகரலாம்.

எங்கே, எவ்வளவு, எந்த மொழியில்

அமெரிக்காவில் டியூக், சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களில் இளங்கலையிலேயே பொதுக்கொள்கையை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். இந்தியாவில் ஹரியானாவின் சோனிபட்டில் உள்ள ஜிண்டல், புனேயின் ஃபிளேம் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் இளங்கலையில் இதைத் தருகின்றன. கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம். முதுகலை என்றால் வாய்ப்புகள் விரியும். பெங்களூரு தேசிய சட்டப்பள்ளி, ஐதராபாத்தில் டாடா சமூக அறிவியல் நிறுவனம், மும்பை ஐஐடி, டெல்லி ஐஐடி ஆகியவை பெயர்பெற்றவை. பொது நிர்வாகத்தில் இளங்கலையை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குறைந்த செலவில் தொலைநிலையில் படிக்கலாம்.

மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஜிண்டலில் சேர்வது நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டேன், உதவித்தொகைகள் இருக்கின்றன. ஆனால் உதவித்தொகை எத்தனை விழுக்காடு, விடுதிக்கும் பயணத்துக்கும் சேர்த்தா, மதிப்பெண் குறைந்தால் அது நிற்குமா என்று எழுத்தில் வாங்காமல் சேரக் கூடாது. கல்விக் கடனை நம்பி இந்தப் பட்டத்துக்குப் பெருந்தொகை செலவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. பட்டம் முடித்தவுடன் கிடைக்கும் சம்பளம் அந்தக் கடனைத் தாங்குவது கடினம்.

இன்னொரு கணக்கை யாரும் சொல்வதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதிவரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பள்ளிவரை தமிழில் படித்த ஒருவர் ஆங்கிலவழிப் பட்டத்தில் சேர்ந்தால், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பணிகளில் அந்த வாய்ப்பை இழக்கிறார். குரூப் தேர்வுகளைக் கனவாக வைத்திருக்கும் வீட்டில் இது சிறிய விஷயம் இல்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் சொந்த மாவட்டக் கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைக்கு நல்ல துணை.

அப்படியானால் இளங்கலையிலேயே இதை எடுக்கலாமா? என் கருத்து இது. நல்ல ஆசிரியர்களோடும் உறுதியான உதவித்தொகையோடும் கிடைத்தால் எடுக்கலாம். கிடைக்காதவர்கள் பொருளியலோ புள்ளியியலோ மீன்வள அறிவியலோ படித்துவிட்டு முதுகலையில் பொதுக்கொள்கைக்கு வருவது எந்த வகையிலும் தாழ்ந்த வழி இல்லை, பல நேரங்களில் அதுவே உறுதியான வழி. இளங்கலைப் பட்டத்தின் மீது வைக்கப்படும் குறை, எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும், எதிலும் ஆழம் இருக்காது என்பது. அதில் நியாயம் இருக்கிறது. கடலைப் பற்றிய கொள்கை எழுதுபவருக்கு மீனைப் பற்றியோ எண்களைப் பற்றியோ, ஏதாவது ஒன்றில் கெட்டியான அடிப்படை வேண்டும். மறுபக்கத்தில், 18 வயதில் கேள்வி கேட்கப் பழகுவதற்கும் 23 வயதில் பழகுவதற்கும் வித்தியாசம் உண்டு. இளமையில் இந்தப் பார்வை வாய்த்தவர் எந்த வேலைக்குப் போனாலும் அதை விடுவதில்லை.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் திட்டங்களுக்கு ஆலோசனை வழங்கும் நிறுவனங்கள், பத்திரிகைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகள் ஆகியவற்றில் வேலை இருக்கிறது. பெரும்பாலானவை டெல்லி, பெங்களூரு, சென்னையில். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆய்வு உதவி செய்யும் லாம்ப் என்ற ஓராண்டு வாய்ப்புக்கு இளங்கலைப் பட்டம் போதும், வயது 25க்குள் இருக்க வேண்டும். 2022இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பாளர்களை இளங்கலையோடு ஏற்கிறது, கலை, அறிவியல் பிரிவினரிடம் முதுகலை கேட்கிறது. எனவே கலைப் பிரிவில் பொதுக்கொள்கை படிப்பவர் ஐந்தாண்டுகளைக் கணக்கில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

இங்கேயே தொடங்க முடியுமா

முடியும் என்றே நம்புகிறேன். 1956இல் பள்ளிகளில் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று ஒரே கொள்கையை மூன்று தலைமுறைகளாக வளர்த்த மாநிலம் இது. கொள்கைப் பாடத்துக்குத் தமிழில் பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே வெளிவருகிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மீன்வளத் துறையின் ஐந்தாண்டுக் குறிப்புகளை எடுத்துவைத்து, எந்த அறிவிப்பு மறு ஆண்டு காணாமல்போனது என்று தேடுவது ஒரு நல்ல பயிற்சி. காணாமல்போனதைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே வரும் கடற்கரைக் கிராமங்களின் குடிநீர்க் கோரிக்கைகள் எங்கே போய்த் தேங்குகின்றன என்று ஒரு மாணவர் பின்தொடர்ந்தால், அமலாக்கம் பற்றிய பாடம் தானாக வந்துவிடும்.

கல்லூரிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது, இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இயங்குகிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. மீனைப் பற்றிய அறிவும் கடலைப் பற்றிய அறிவும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. பொருளியல், அரசியல் அறிவியல் துறைகள் இவற்றோடு கைகோத்து, கடற்கரைக் கொள்கை என்று முதலில் ஒரே ஒரு விருப்பப் பாடத்தைத் தமிழ்வழியில் தொடங்கலாம். புதுக் கட்டடம் வேண்டாம். புள்ளியியல் சொல்லித்தரும் ஓர் ஆசிரியரும், மாணவர்களை மீன் இறங்குதளத்துக்கு அழைத்துப்போக ஒரு பஸ்ஸும், மீனவர் சங்கத் தலைவரையும் பாசி எடுக்கும் பெண்களையும் வகுப்பில் பேசவைக்கும் ஏற்பாடும் போதும். ஜூன் முதல் பாதியில் தடைக்காலம் நடந்துகொண்டிருக்கும். முதல் களப்பணிக்கு அந்த நாட்கள் ஏற்றவை. படகுகள் கரையில் நிற்கும், பேசுவதற்கு எல்லோருக்கும் நேரம் இருக்கும்.